ராட்டினம் ஏறாத அம்மாவுக்கு அங்கே என்ன சாப்பாடு?

மலேசியா, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து:

போன புரட்டாசியின் முதல் சனிக்கிழமை, பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் குடும்பத்தோடு ஒரு நீர்ப் பூங்காவுக்குப் போனோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். அம்மாவுக்கு வயது 71. புரட்டாசி முழுக்கச் சைவம். வெங்காயம், பூண்டு பரவாயில்லை. மீன் வாடை பட்டால் மட்டும் தட்டைத் தள்ளிவிடுவார். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து டப்பாவில் அடைத்துக்கொண்டேன்.

வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலர், வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார். டப்பாவின் மேல் ஓர் எண்ணை எழுதி ஒட்டி, வெயில் படும் மேசையில் வைத்தார். மாலையில் திரும்ப வாங்கியபோது மூடி கொதித்தது. புளிச்சோறு தாக்குப்பிடித்துவிட்டது. கிழங்கு நூல்விட்டிருந்தது.

உள்ளே உணவகத்தில் சைவ மீ கோரெங் (பிரட்டிய நூடுல்ஸ்) உண்டு என்றார்கள். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வாங்கினேன். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு முள்கரண்டியால் மீயைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அரிசி மணி அளவில், இளஞ்சிவப்பாக, வால் சுருண்ட ஒரு கூனி இறால். அதை மெல்ல நகர்த்தித் தட்டின் ஓரத்தில் வைத்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு நாள் முழுக்க ஒரு கப் சோளமும் ஒரு மைலோவும்தான். பரிமாறிய பையனிடம் கேட்டால், “இறைச்சி போடவில்லையே” என்று உண்மையான குழப்பத்தோடு சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹலால் சின்னம் முஸ்லிம் நண்பர்களுக்கு ஒரு நிம்மதியைத் தருகிறது. பெலாச்சான் என்ற இறால் விழுதும் நெத்திலியும் இல்லாத சாப்பாடு எது என்று நமக்கு அந்தச் சின்னம் சொல்லாது. கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சறுக்கு இருக்கிறது, அலை இருக்கிறது. பசியே தெரியாது. சறுக்கில் ஏறாத அம்மாவுக்கு அன்றைய பொழுது என்பதே உட்கார இடமும் வாய்க்கு ருசியாக ஒரு சாப்பாடும்தான். அது இல்லாத இடத்தில் அவருக்கும் டிக்கெட் வாங்கியது இன்னும் மனத்தை அறுக்கிறது.

கெந்திங் மலையில் இப்படி ஆகவில்லை. அங்கே பூங்காவும் பேரங்காடியும் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. பிள்ளைகளை அவர்கள் அப்பாவோடு 2022இல் திறந்த ஸ்கைவர்ல்ட்ஸ் பூங்காவுக்குள் அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் ஸ்கைஅவென்யூ பேரங்காடியில், பழைய தெருவைப் போல அமைத்திருக்கும் ஒட்டுக்கடைப் பகுதிக்குப் போய்விட்டோம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக் குளிர். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அம்மா ஒரு மணி நேரம் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, “இன்னொரு தடவை வரலாம்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம்.

வீட்டுப் பெரியவர்களோடு போய் வந்தவர்கள், எங்கே எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள்.

சுபாங் ஜெயாவிலிருந்து:

சகோதரி, அந்தக் கூனி இறாலைப் படித்தபோது என் மாமியார் முகம்தான் கண்ணில் வந்தது. எங்கள் வீடு சன்வே லகூனுக்குப் பக்கம். பழைய ஈயச் சுரங்கக் குழியில் 1993இல் எழுந்த பூங்கா அது. என் பிள்ளைகள் அங்கேதான் நீந்தக் கற்றார்கள் என்றே சொல்லலாம். எங்கள் வழக்கம் ஒன்றுதான். வீட்டில் தோசை பசியாறிவிட்டுப் போவோம், உள்ளே நொறுக்குத் தீனியோடு சமாளிப்போம், வெளியே வந்து சன்வே பிரமிட் பேரங்காடியில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர். பூங்கா பேரங்காடிக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் அந்த 800 மீட்டர் ரோலர் கோஸ்டரில் கத்திக்கொண்டிருக்க, பெரியவர்கள் டிக்கெட்டே இல்லாமல் கீழ்த்தளங்களில் பிடித்த கடையில் உட்காரலாம். இம்பி மோனோரயில் நிலையம் வாசலிலேயே இருப்பதால் நடையும் குறைவு.

பட்டர்வொர்த்திலிருந்து:

பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் எஸ்கேப் பூங்காவைப் பற்றி நான் எழுத வேண்டும். 1,111 மீட்டர் நீளச் சறுக்கு, 2019இல் கின்னஸில் ஏறியது, அங்கேதான் இருக்கிறது. ஏறுவதும் தொங்குவதும் குதிப்பதும் எல்லாம் நம் உடம்பு போடும் உழைப்பு. வெளியே வரும் பிள்ளைக்கு வயிற்றில் நெருப்பு எரியும். ஒரு பாக்கெட் உருளை வறுவலெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நாங்கள் போனது அப்பாவோடு. அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சமயம், வெளியில் கை நனைக்கமாட்டார். காலையில் இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, போகிற வழியில் பத்து பிரிங்கிக் கடற்கரையில் காரை நிறுத்தி, வேம்பு நிழல் இல்லாவிட்டாலும் ஒரு மர நிழலில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். காற்றில் மணல் பறந்து வந்து இட்லியில் ஒட்டியது. அப்பா அந்த ஓரத்தை மட்டும் கிள்ளிக் காக்கைக்குப் போட்டார். மதியம் அவருக்குப் பழமும் இளநீரும் போதுமாக இருந்தன. வெளியே வந்ததும் ஜாதிக்காய் ஜூஸ். தெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருப்பதால் அதன் புளிப்பும் மணமும் இங்கே தனி. அதைத் தவறவிடாதீர்கள்.

மாலை போடாதவர்களாக இருந்தால் ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு வந்து வாழை இலையில் சாப்பிட்டு முடியுங்கள். 101ஆம் எண் பஸ்ஸே தெலுக் பஹாங்கிலிருந்து நகரத்துக்கு வருகிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

வெளியூர் அனுபவம் கொஞ்சம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில், எகிப்துப் பகுதியில் இருக்கும் ஓயசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய உணவு கிடைத்தது. எங்கள் வீட்டுச் சைவக்காரர்கள் அன்று வேறெங்கும் அலையவில்லை. தோக்கியோ டிஸ்னியில் கறி மணக்கும் பாப்கார்ன்! என் மகன் வாளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே வைக்கவே இல்லை. அங்கேயும் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை, ஆனால் வாசலுக்கு வெளியே அதைச் சாப்பிடுவதற்கென்றே மேசை போட்ட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தோ கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் கொண்டு வந்தால் உள்ளேயே சாப்பிட அனுமதிக்கிறது. உள்ளே விடவில்லையென்றாலும் வெளியே நிழலில் நாலு மேசை போடலாமே. நம் ஊர்ப் பூங்காக்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

செந்தூலிலிருந்து மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த நிழல் மேசையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீர்ப் பூங்காவுக்கு அதையே எழுதி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த விடுமுறைக்குப் பினாங்கு என்று முடிவாகிவிட்டது. பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன கடற்கரையில்தான் பசியாறப் போகிறோம். சட்னி வேண்டாமாம், காரிலேயே புளித்துவிடுமாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் முதல் நாள் இரவே தடவி வைத்துவிடச் சொல்கிறார் அம்மா.