'அஓரித்தா' என்ற ஸ்பானிஷ் சொல்: உங்களுக்கு எப்போது புரிந்தது?

பதிவு 1
மெக்சிகோ சிட்டிக்கு வந்த இரண்டாவது வாரம். சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் பாதி வேலையில் எழுந்து, "அஓரித்தா பெங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். 'அஓரா' என்றால் இப்போது, 'பெங்கோ' என்றால் வருகிறேன். சின்னது என்று காட்டும் 'இத்தா' விகுதி சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் என்றுதானே அர்த்தம்? சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப் போனது. விளக்கு போட்ட பிறகுதான் வந்தார், புது வாஷரோடு, சிரித்த முகமாக. தாமதம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பதிவு 2
எனக்கு நடந்தது புவேர்ட்டோ ரிக்கோவில், சான் ஹுவானில். நேர்காணல் முடிந்ததும் அஓரித்தா கூப்பிடுகிறோம் என்றார்கள். குளிக்கக்கூடப் போகாமல் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ராத்திரி 8 மணிக்கு வந்தது அழைப்பு. அங்கே அதற்கு 'அப்புறம்' என்றுதான் பொருளாம். கொஞ்சம் முன்னால் நடந்ததற்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள்!

பதிவு 3
முதல் பதிவை ஏற்க முடியவில்லை. 'இத்தா' சேர்ந்தால் நேரம் சுருங்கும் என்று யார் சொன்னது? காபியை 'கஃபெசித்தோ', அதாவது குட்டிக் காபி, என்பது கோப்பை சின்னது என்பதாலா? பிரியத்தால். நாம் "இதோ வந்துட்டேன்" என்று சொல்வதில்லையா? சொல்கிறவர் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார், அதை யாரும் பொய் என்பதில்லை. நானும் மெக்சிகோவின் புவெப்லா நகரில் ஒரு மணி நேரம் காத்திருந்தவன்தான். அவசரம் என்றால் "அஓரித்தா மிஸ்மோவா, அல் ராத்தோவா" என்று கேளுங்கள். முதலாவது இந்த நிமிடமே, அடுத்தது பிறகு. இல்லாவிட்டால் "கோமோ அ கே ஓரா", சுமாராக எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். குரலையும் கவனியுங்கள். 'அஓரீஈத்தா' என்று இழுத்தால் நேரமும் இழுக்கும். ஆனால் 'இத்தா'வை இரட்டித்து 'அஓரித்தித்தா' என்றால் பெரும்பாலும் உடனே நடக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 4
மணி கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மெக்சிகோவின் ஓஹாகாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூ விற்கும் பாட்டி ஒருவர் வந்தார். நான் வெறுமனே "நோ" என்றேன். நீட்டிய பூவோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த தோழி மெதுவாக, "அஓரித்தா நோ, கிராசியாஸ்" என்றாள், இப்போதைக்கு வேண்டாம், நன்றி என்று. வாங்கப் போவதில்லை என்று இருவருக்குமே தெரியும். பாட்டி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். என்னைப் பார்க்கவே இல்லை.