தாத்தாவின் இரும்புப் பெட்டி

பெரிய அத்தை: ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யணும். அப்பாவின் இரும்புப் பெட்டியை என்ன செய்வது?

சித்தப்பா: மூன்று பங்காகப் பிரித்துவிடலாம் அக்கா. கடிதம் உனக்கு, போட்டோ சின்ன அக்காவுக்கு, ஆபீஸ் காகிதம் எனக்கு.

சின்ன அத்தை: பாதிப் போட்டோ ஏற்கெனவே உன் ஆல்பத்தில்தானே இருக்கிறது

சித்தப்பா: மறுபடியும் அதுவா

நான்: பிரிக்க வேண்டாம் சித்தப்பா. நேற்று திறந்து பார்த்தேன். தாத்தா கட்டிய கட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பாலத்தின் வரைபடத்துக்கு அடியில், அவர் அந்த வேலைக்குப் போயிருந்தபோது பாட்டி எழுதிய கடிதங்கள். பாதியில் தேதியே கிடையாது. கட்டைப் பிரித்தால் எது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆவணக் காப்பகங்களிலும் இதுதான் முதல் விதி: ஒருவர் காகிதத்தை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது, அவர் வைத்த வரிசையைக் கலைக்கக் கூடாது.

அண்ணன்: சர்டிபிகேட்டை லேமினேட் செய்யட்டுமா?

நான்: ஐயோ வேண்டாம் அண்ணா! அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். குண்டூசி, ரப்பர் பேண்டை மட்டும் மெதுவாக எடு. ஒரு குண்டூசி துருப்பிடித்து நாலு தாளில் ஒரே இடத்தில் பழுப்புக் கறை. செய்தித்தாள் துண்டுகளின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், நடுவில் அமிலமில்லாத தாள் வைக்கணும்.

சின்ன அத்தை: வம்சாவளித் தாள் இருக்கிறதா? அதில் எங்கள் பெயர் இருக்காது. ஆண் பிள்ளைகள் மட்டும்தான்.

நான்: இருக்கிறது அத்தை. பென்சிலில், தாத்தா கையெழுத்தில். உங்கள் இருவர் பெயரும், பிறந்த தேதியும். பிற்பாடு சேர்த்திருக்கிறார்.

சின்ன அத்தை: படம் எடுத்துப் போடு

பெரிய அத்தை: என் தேதி என்ன போட்டிருக்கிறது? பள்ளியில் கொடுத்தது தப்பு.

சித்தப்பா: சரி, பிரிக்க வேண்டாம். யார் வீட்டில் வைப்பது?

நான்: ஸ்கேன் எல்லாருக்கும். கடிதத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், போட்டோவுக்கு 600. அசலைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். இத்தனை வருடம் யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதிக் கேட்கலாம்.

பெரிய அத்தை: அம்மா கடிதத்தை வெளியாள் படிப்பதா?

சித்தப்பா: அதை அப்புறம் பேசலாம். இப்போதைக்கு என் வீட்டுப் பரணில் இருக்கட்டும்.

நான்: பரண் வேண்டாம், சூடு. தரையும் வேண்டாம். உள்ளறை அலமாரியில் வையுங்கள்.

சின்ன அத்தை: படம் எங்கே?