பிரச்சினை என்றதும் "இன்னும் கொஞ்சம் போடலாம் சார்" என்கிற பசங்க – உங்கள் அனுபவம் என்ன?

பாலாற்றுக்காரன்:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்கு எங்கள் பாலிடெக்னிக் பசங்களை இன்பிளான்ட் டிரெயினிங் கூட்டிப் போயிருந்தேன். மாட்டுத் தோல், குரோம் உப்பில் பதப்படுத்துகிற டிரம். துண்டு வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் நீலம், நடுவில் நூல் பிடித்த மாதிரி வெள்ளைக் கோடு. ஏன் என்று கேட்டேன். "குரோம் பத்தலை சார், இன்னும் 2 சதவீதம் போடலாம்" என்று எல்லாரும் ஒரே குரல். பிக்கிளில், அதாவது குரோமுக்கு முன்னால் தோலை ஊறவைக்கிற உப்பும் அமிலமும் கலந்த தண்ணியில், பிஎச் எவ்வளவு என்றேன், 2.8 என்றார்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும், "சார், அது தண்ணியோட பிஎச்தானே, தோலுக்குள்ள எவ்வளவு?" என்றாள். "அப்புறம் பார்க்கலாம்மா" என்றேன்.

அங்கே டிரம் ஓட்டுகிற பெரியவர் எதுவும் பேசவில்லை. அடுத்த டிரம்மில் பிக்கிளில் கிடந்த தோலைக் கழுத்துப் பக்கம் கத்தியால் கீறி, வெட்டுவாயில் புரோமோகிரிசால் கிரீன் ரெண்டு சொட்டு விட்டார், அமிலம் இறங்கிய இடத்தில் மஞ்சளாகவும் இறங்காத இடத்தில் நீலமாகவும் காட்டுகிற சாயம் அது. ஓரமெல்லாம் மஞ்சள், நடுவில் அப்பட்டமான நீலம். அமிலம் உள்ளே போகவே இல்லை. முந்தின ராத்திரி கரன்ட் போய் டிரம் நின்ற நேரத்தையும் ஓடின நேரமாகவே எழுதியிருக்கிறார்கள், ரெண்டு டிரம்மிலும். அமிலம் உள்ளே இறங்காவிட்டால் குரோம் மேலேயே பிடித்துக்கொள்ளும், வருஷாவருஷம் நான் போர்டில் எழுதுகிற வரி இது. அந்தப் பெண் மிச்சம் மூன்று நாளும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வாலாஜா பாய்லர்:
சார், தப்பா நினைக்காதீங்க, இது பசங்க பிரச்சினையே இல்லை, நம்ம பிரச்சினை. மீட்டர் சொல்வதை நம்பு என்று நாமதானே சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் ஐடிஐ பையன் ஒருத்தன் பாய்லர் கேஜ் கிளாஸில் (உள்ளே இருக்கிற தண்ணி மட்டத்தைக் காட்டுகிற கண்ணாடிக் குழாய்) தண்ணி பாதிக்கு இருக்கு என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தான், மூன்று தடவையும் அதே அளவு. ஓடுகிற பாய்லரில் அந்தத் தண்ணி லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும், இது சாமி படம் மாதிரி அசையாமல் நிற்கிறது. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வால்வைத் திறந்தால் சேறு அடைத்திருக்கிறது. உள்ளே நிஜமாகவே எவ்வளவு தண்ணி இருந்ததோ, நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆம்பூர் பழைய கை:
2 சதவீதம் குரோம் "போடலாம்" என்று சொன்ன பசங்களை அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். பிடிக்காத குரோம் எங்கே போகும்? கழிவுத் தண்ணியில்தான். 1996இல் தோல் கம்பெனிக் கழிவுத் தண்ணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது இந்த ஜில்லா பட்ட பாடு இந்தப் பசங்களுக்கு யார் சொல்வது? வாலாஜா நண்பர் மீட்டரை நம்பாதே என்கிற மாதிரி பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை, நம்பு, ஆனால் இன்னொரு வழியிலும் பார் என்று சொல்லுங்கள். நான் செய்வது இதுதான், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கெட்டுப்போன துண்டைக் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் காரணம் சொல்லக் கூடாது என்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது, அதை மட்டும் எழுது. தோல் வந்த லாட், தண்ணி, ஷிப்டு, கரன்ட். அப்புறம் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பக்கத்தில், இது பொய் என்றால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று ஒரு வரி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், உப்பையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று சாமி வந்தாலும் சொல்ல முடியாது. என் அனுபவமா? ஒருமுறை பேசிஃபிகேஷனுக்கு, அதாவது குரோம் தோலில் பிடிக்க அமிலத்தைக் குறைப்பதற்கு, சோடா உப்பைக் கரைக்காமல் அப்படியே கொட்டினேன், தோல் பூராவும் பச்சைத் திட்டு. முதலாளி திட்டியதை இங்கே எழுத முடியாது.

பாலாற்றுக்காரன்:
நல்லா இருக்கு அண்ணே. ஆனால் அந்தப் பெண் சந்தேகத்தை எழுதத் தேவையே இல்லாமல் வாயாலேயே கேட்டாள், அதுதான் உறுத்துகிறது.

வாலாஜா பாய்லர்:
அது கிடக்கட்டும் சார், அந்த வெள்ளைக் கோடு விழுந்த தோலை என்ன பண்ணினாங்க?