டியூக் – வட கரோலினா: 2022 அரையிறுதிதான் உச்சமா?

உப்பளத்தான்:
அமெரிக்காவின் டியூக், வட கரோலினா ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் 1920 முதல் மோதிவரும் கூடைப்பந்து ஆட்டங்களில், 2022 ஏப்ரல் 2 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த அரையிறுதிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது என்பது என் துணிபு. தேசியப் போட்டித் தொடரில் இவ்விரு அணிகளும் சந்தித்தது அதுவே முதல்முறை. தோற்றால், டியூக்கை 1980 முதல் பயிற்றுவித்த மைக் ஷஷெவ்ஸ்கியின் பணி அன்றோடு முடிந்துவிடும் என்ற நிலையும் இருந்தது. வட கரோலினா ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தபோது, சமன் செய்யக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் (யாரும் மறிக்காமல் எறியும் ஒரு புள்ளி வீச்சு) டியூக்கின் நெடியவர் மார்க் வில்லியம்ஸ் தவறவிட்டார். அடுத்து, சுமார் 25 விநாடிகள் மீதமிருக்க, அதே வில்லியம்ஸ் கையை உயர்த்தி மறித்தும், அவர் தலைக்கு மேலாகவே வட கரோலினாவின் கேலப் லவ் தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிந்து 78–74 ஆக்கினார். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கள் வீட்டில் யாரும் இட்லித் தட்டைத் தொடவில்லை. முடிவு 81–77.

தேவனாம்பட்டினம்:
நண்பர் சொல்வது சிறந்த ஆட்டந்தான், ஆனால் அது இந்தப் பகையின் சிறந்த ஆட்டம் ஆகாது. டியூக்கின் ஊரான டர்ஹமுக்கும் வட கரோலினாவின் ஊரான சாப்பல் ஹில்லுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கே அதைவிடக் கூடுதல் தொலைவு. அவ்வளவு நெருங்கிய ஊர்களின் சண்டையைப் பல்லாயிரம் பேர் அமரும் பொது அரங்குக்குக் கொண்டுபோனால் அதன் காரம் குறையத்தான் செய்யும். டியூக்கின் கேமரன் அரங்கு 1940-இல் கட்டப்பட்டது, கொள்வது 9,314 பேரைத்தான். இந்த ஓர் ஆட்டத்துக்காக மாணவர்கள் குளிரில் வாரக்கணக்கில் கூடாரமடித்துத் தங்கி, உள்ளே வந்ததும் ஆடுகளத்தின் கோட்டை ஒட்டி நின்றுகொண்டு கத்துகிறார்கள். 2022 மார்ச் 5 அன்று ஷஷெவ்ஸ்கியின் கடைசிச் சொந்த அரங்க ஆட்டத்தைக் காண அவருடைய பழைய வீரர்கள் ஏறத்தாழ நூறு பேர் வந்திருக்க, விழாவெடுக்கக் காத்திருந்த அந்தக் கூட்டத்தின் நடுவே வட கரோலினா 94–81 என்று வென்றது. அதில் நான்கு வீரர்கள் தலா இருபதோ அதற்கு மேலோ புள்ளிகள் எடுத்தார்கள். ஒருவர் தோளில் ஏறி வந்த வெற்றியன்று அது. அதற்கு ஒரு மாதம் முன்பு சொந்த ஊரிலேயே 67–87 என்று உதை வாங்கிய அணி அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார்:
இருவருமே அண்மைக்காலத்தை விட்டு நகர மறுக்கிறீர்கள். 1974 மார்ச் 2 அன்று, மூன்று புள்ளி வீச்சே இல்லாத காலத்தில், கடைசி 17 விநாடிகளில் 8 புள்ளிகள் பின்தங்கியிருந்த வட கரோலினா ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 96–92 என்று வென்றதே, அதை எங்கே வைப்பீர்கள்? 1979-இல் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் வட கரோலினா அணி எறியாமல் பந்தைக் கையிலேயே வைத்திருந்து, பாதி ஆட்டத்தில் 0–7 என்று நின்ற வேடிக்கையும் இந்தப் பகையில்தான் உண்டு. இத்தனை நேரத்துக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி அன்று இல்லை.

உப்பளத்தான்:
ஐயா, 1974-இன் அருமையை மறுக்கவில்லை. ஆயினும் அன்று தோற்ற டியூக்குக்கு அடுத்த ஆண்டு இருந்தது. 2022-இல் ஷஷெவ்ஸ்கிக்கு அடுத்த நாள்கூட இல்லை. மார்ச் 5 ஆட்டத்துக்கும் இதையே சொல்வேன்: அங்கே கெட்டது விழா, நியூ ஆர்லியன்ஸில் பறிபோனது இறுதி ஆட்டம்.

தேவனாம்பட்டினம்:
அந்த இறுதி ஆட்டத்தில் வட கரோலினா என்ன செய்தது? பாதியில் 15 புள்ளிகள் முன்னிலை பெற்றும் கான்சஸிடம் 69–72 என்று கோட்டைவிட்டது. கோப்பைக் கணக்கைக் கொண்டுவந்தால் உங்கள் அரையிறுதியின் எடையும் குறையும். இன்னொன்று: அதே கேலப் லவ், அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின் 2023 நவம்பரில் கேமரனுக்கே வந்து டியூக்கை 78–73 என்று வீழ்த்தினார். அதை யாராவது இந்தப் பகையின் கணக்கில் சேர்க்கிறார்களா? ஆளைவிடச் சட்டையும் அரங்கும் முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உப்பளத்தான்:
சட்டை முக்கியம் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் இரண்டு சட்டைகளும் இருந்தன. அரங்கைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு மட்டும் அந்தச் சான்று உதவாது, ஏனென்றால் லவ் அரிசோனாவுக்காக வென்றதும் கேமரன் அரங்கில்தான்.