திபெத்திய மருத்துவத்தில் ஜென்ஷியன் செடிகள்

கேள்வி:
சோவா ரிக்பா எனப்படும் திபெத்திய மருத்துவத்தில், இமயமலை மேய்ச்சல் வெளிகளில் நீலநிறக் குழல்பூ பூக்கும் ஜென்ஷியன் செடிகளை எந்தெந்த நோய்களுக்குக் கொடுக்கிறார்கள்? பயன்படுவது வேரா, பூவா?

மறுமொழி 1:
இனத்தைப் பொறுத்து இரண்டுமே பயன்படுகின்றன. நம் சித்த மருத்துவத்தைப் போலவே அங்கும் வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கணக்கு உண்டு; கசப்பும் குளிர்ச்சியும் உடைய ஜென்ஷியன் சூட்டு நோய்களுக்கு உரியது. 'பாங்யென்' என்ற வகைகளின் பூவை உலர்த்தி, தொண்டை நோய்க்கும் இருமலுக்கும் நுரையீரல் சூட்டுக்கும் சேர்க்கிறார்கள். தனியாகக் கொடுப்பது குறைவு. பெரும்பாலும் பல சரக்குகளோடு அரைத்து மாத்திரையாக உருட்டுகிறார்கள்.

மறுமொழி 2:
கசப்புக்குக் காரணமானவற்றுள் ஒன்று ஜென்ஷியோபிக்ரோசைடு என்ற வேதிப்பொருள். நாவில் கசப்புப் பட்டதும் உமிழ்நீரும் இரைப்பைச் சாறும் பெருகுவதால், ஐரோப்பியரும் ஜென்ஷியன் வேரைப் பசிதூண்டியாகக் கொள்கின்றனர். வயிற்றுப்புண் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நம்மூர் வெள்ளருகும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

மறுமொழி 3:
வேரைத் தோண்டினால் செடியே அழிந்துவிடும் என்பதுதான் என் பெருங்கவலை. மேற்கு இமயமலையின் ஜென்ஷியானா குர்ரூ இன்று மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இந்திய அரசு 2010-இல் சோவா ரிக்பாவுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. ஆகவே மூலிகையைப் பயிரிட்டு எடுக்கும் பொறுப்பையும் மருந்து செய்வோர் ஏற்க வேண்டும்.