அயர்லாந்துக்காரர்கள் வீட்டுப் போர்க்கதைகள்: நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கள்

அயர்லாந்துக்காரர்களோடு வேலை பார்த்தவர்கள், குடியிருந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 எழுச்சி, உலகப் போர்கள் பற்றி அவர்களிடம் கேட்டதையும் பார்த்ததையும் எழுதுங்களேன்.

சண்டிகரிலிருந்து:

நான் அயர்லாந்துக்குப் போனதில்லை. இமாசலப் பிரதேசத்தில், சோலன் பக்கத்தில் தக்‌ஷாய் என்று ஒரு கன்டோன்மென்ட் ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய ராணுவச் சிறையை இப்போது மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் சுற்றிப் பார்க்கப் போன அன்று ஒரு வெள்ளைக்காரரும் எங்களோடு வந்தார். ஓரிடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஜேம்ஸ் டேலியின் மாவட்டமான வெஸ்ட்மீத்திலிருந்து அவருக்காகவே வந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

டேலி பிரிட்டிஷ் ராணுவத்தில் கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படையில் சிப்பாய். அயர்லாந்தில் பிளாக் அண்ட் டான்ஸ் என்ற போலீஸ் படை செய்த அட்டூழியங்களைக் கேள்விப்பட்டு, 1920 ஜூன் 28 அன்று ஜலந்தரில் இருந்தவர்கள் இனி இந்த ராஜாவுக்கு வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி சோலனுக்கு வந்ததும் அங்கே டேலி முன்னால் நின்றார். ஆயுதக் கிடங்கை எடுக்கப் போன இரவில் இரண்டு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். மரண தண்டனை பல பேருக்கு விதிக்கப்பட்டது. மற்றவர்களுக்கெல்லாம் அதைக் குறைத்தார்கள், டேலிக்கு மட்டும் குறைக்கவில்லை. நவம்பர் 2ஆம் தேதி இதே சிறையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 20. அவருடைய எலும்புகள் சொந்த ஊருக்குப் போய்ச் சேர 1970 ஆனது.

திரும்பி வரும்போது அந்த மனிதர் ஒன்று சொன்னார்: “ஜாலியன் வாலாபாக் நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, டயர் செய்தது சரி என்று சொன்ன ஓ'டுவயரும் எங்கள் அயர்லாந்தின் டிப்பரரிக்காரர்தான். டேலியை மட்டும் சொல்லிவிட்டு நான் போய்விடக் கூடாது.”

டப்ளினிலிருந்து:

மேலே உள்ளதைப் படித்ததும் எங்கள் வீட்டுக்கார அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நான் டப்ளினில் முதலில் குடியிருந்தது கில்மைன்ஹாம் சிறைக்கு நடந்து போகும் தூரத்தில். 1916 எழுச்சியின் தலைவர்களில் 14 பேரைச் சுட்டது அங்கேதான். காலில் குண்டு பாய்ந்து நிற்க முடியாமல் இருந்த ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது 80 வயது. எழுச்சியில் கலந்துகொண்டு வேல்ஸில் உள்ள ஃபிராங்காக் முகாமில் கைதியாக இருந்தவர் அவருடைய அப்பா. அவர் படம் கூடத்தில் கணப்புக்கு மேலே இருக்கும், பக்கத்திலேயே அவருடைய மெடல். வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டுவார்.

2011 மே மாதம் இங்கிலாந்து ராணி டப்ளினுக்கு வந்தார். முதல் நாள், அயர்லாந்து விடுதலைக்காக இறந்தவர்களின் நினைவிடத்தில் தலை குனிந்தார். மறுநாள், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இறந்த ஐரிஷ்காரர்களுக்கான ஐலண்ட்பிரிட்ஜ் தோட்டத்தில் மலர்வளையம் வைத்தார். இரண்டையும் நாங்கள் டிவியில் சேர்ந்துதான் பார்த்தோம். இரண்டாவது முடிந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே ஃப்ளானல் துணியில் சுற்றிய ஒரு வெண்கல வட்டு, முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. சின்னத் தட்டு அளவு இருக்கும், நல்ல கனம். சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இறந்தார் என்று ஓரத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவருடைய பெரியப்பாவின் பெயர். அப்பாவின் சொந்த அண்ணன். அந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தும் அப்படி ஒருவர் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

டப்பாவில் ஒரு தொப்பி பேட்ஜும் இருந்தது. அதில் புலி, யானை. டப்ளின் படைக்கு யானை எதற்கு என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன், பழைய மதராஸ் ஃபியூசிலியர்ஸ்தான். ஆற்காடு, சோளிங்கர் எல்லாம் அவர்களுடைய போர் விருதுப் பட்டியலில் வருகின்றன. எங்கள் ஊர் வந்தவாசியும் வருகிறது. 1914இல் போர் தொடங்கியபோது அந்தப் பட்டாலியன் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தது. எம்டன் குண்டு போட்ட அந்த வருஷம்!

அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களைத்தான் 1915 ஏப்ரல் 25 அன்று கலிபோலியில் படகுகளில் கரைக்கு அனுப்பினார்கள். துருக்கியரின் தோட்டாக்கள் பலரைப் படகிலேயே வீழ்த்தின. மிஞ்சியவர்கள் அவ்வளவு குறைவு என்பதால் மன்ஸ்டர் என்ற இன்னொரு ஐரிஷ் படையோடு சேர்த்துத் தற்காலிகமாக ஒரே பட்டாலியன் ஆக்கினார்கள். பெரியப்பா அன்று கரையைத் தொட்டாரா என்பதுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, 1916 ஏப்ரல் 24 அன்று, தம்பி துப்பாக்கியோடு டப்ளின் தெருவில் நின்றார்.

அவர்களைப் பெற்றவளைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். இறந்த மகனுக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த பணத்தில் அடுப்பு எரிகிறது, இன்னொரு மகன் அதே அரசின் காவலில் கிடக்கிறான். மூத்தவன் பட்டாளத்துக்குப் போனது ராஜ விசுவாசத்தால் அல்ல, வீட்டில் சோறு இல்லை என்பதால் என்று அம்மா சொன்னார். ஆனால் நாடு விடுதலை பெற்ற பிறகு அதைச் சொல்லக்கூட இடமில்லாமல் போயிற்று. தம்பியின் படம் சுவரில், அண்ணனின் வட்டு அலமாரிக்கு அடியில். துரோகி என்று ஊரில் யாரும் நேரில் சொல்லவில்லையாம். வீட்டிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தக் கோடையில் அவரை ஐலண்ட்பிரிட்ஜுக்குக் கூட்டிப்போனேன். வடிவமைத்தவர் டெல்லி இந்தியா கேட்டைக் கட்டிய லட்யன்ஸ். அங்கே எட்டுப் பெரிய புத்தகங்களில் 49,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அறையைத் திறந்துவிட்டார்கள். எழுத்து பொடியாக இருந்தது, அம்மா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். நான்தான் வாசித்தேன்: பெயர், படை எண், பிறந்த ஊர் டப்ளின். அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.