மாமாவின் பழைய சப்மரைனர் வாட்ச்சை சர்வீஸ் கொடுக்கவா, விற்றுப் புதுசு எடுக்கவா?

ராயபுரம் ராஜா:
மாமா கப்பலில் வேலை பார்த்தபோது 1970களில் சிங்கப்பூரில் வாங்கிய ரோலெக்ஸ் சப்மரைனர் 5513 இப்போது என் கையில். டயல் பொட்டெல்லாம் நெய் நிறத்துக்கு வந்துவிட்டது. கடையில் காட்டினால், டயல், முள் மாற்றி கேஸை (வெளிக்கூட்டை) பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி தருகிறேன் என்கிறார்கள். நான் வாரத்துக்கு இரண்டு நாள் காசிமேட்டிலிருந்து படகில் போகிறவன். என்ன செய்யட்டும்?

பழைய வண்ணை:
தம்பி, தயவுசெய்து கொடுத்துவிடாதே! டயலின் அடியில் டி என்ற எழுத்தும் 25 என்ற எண்ணும் இருக்கும் பார், அது டிரிட்டியம், பொட்டுகளை இருட்டில் ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருள். 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும், அதனால் இருட்டில் இனி ஒளிராது, ஆனால் அந்த நெய் நிறத்துக்குத்தான் மதிப்பே. பாலிஷ் போட்டால் பட்டை மாட்டும் காதுகளின் கூர்மை மழுங்கிவிடும், போன உலோகம் திரும்பி வராது.

எண்ணூர் டைவர்:
அண்ணே, அழகு சரி, தண்ணீர்? 200 மீட்டர் என்று டயலில் இருப்பது வாட்ச் புதுசாக இருந்தபோது சொன்ன கணக்கு. 50 வருஷத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அந்த கேஸ்கட், கல்லாகியிருக்கும். நானே ஒரு பழைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன், கரையேறிப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி, ஒரே வாரத்தில் முள்ளின் வேரில் துரு. 2020இல் வந்த சப்மரைனர் 300 மீட்டர் தாங்கும், கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும், 5 வருஷ வாரண்டி, சர்வீஸும் ஏறக்குறைய 10 வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

பழைய வண்ணை:
கேஸ்கட், பக்கவாட்டில் சாவி கொடுக்கும் திருகு, அது பொருந்தும் குழாய் மூன்றையும் மாற்று, இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடு, டயலைத் தொடாதே, அவ்வளவுதான். கழற்றிய சாமான் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டித் திருப்பிக் கேள். அப்புறம் முதலில் காற்றழுத்தத்தில் சோதிக்கச் சொல், அதில் ஓட்டை இருந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. பிறகு தண்ணீர் சோதனை முடிந்ததும் வாட்ச்சை லேசாகச் சூடாக்கிக் கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விடுவார்கள், உள்பக்கம் பனி படிந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே நின்று பார். பழைய அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் தேய்த்தே எடுத்துவிடலாம், புதுசில் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் செராமிக் வளையம் உடைந்தால் முழுசாக மாற்ற வேண்டும்.

எண்ணூர் டைவர்:
சோதனையில் தேறட்டும், சரி. படகில் வடம் ஒருமுறை அடித்து அந்த டயல் போனால் அதே டயலுக்கு எங்கே போவது? நாளாக நாளாக அசல் சாமான் கிடைப்பது குறைகிறது. விற்கவும் வேண்டாம், கடலுக்கும் வேண்டாம் என்பேன். படகுக்கு ஒரு சீக்கோ போதும் தம்பி, அவர்கள் 1965லிருந்து டைவ் வாட்ச் செய்கிறார்கள்.

பழைய வண்ணை:
பெட்டியில் பூட்டி வைக்கவா அவன் மாமா வாங்கினார்? அவரும் உப்புக் காற்றில்தான் கட்டியிருந்தார்.

ராயபுரம் ராஜா:
மாமாவிடமே கேட்டேன். டெக்கில் வேலை என்றால் கழற்றி வைத்துவிடுவாராம், கரைக்கு வந்தால்தான் கட்டுவாராம். டயலைத் தொடாமல் சர்வீஸ் மட்டும் என்று கடையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். படகுக்கு சீக்கோ பார்க்கிறேன் அண்ணே.